மைதானத்துச் சுவரில் மகிழினியின் படிகம்

வியாசர்பாடி
12.10.2003

அன்பு மகள் மகிழினிக்கு, சித்தப்பன் சின்னப்பையன் எழுதிக்கொண்டது.

நான் அன்றைக்கே சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். நீ பெங்களூருக்கு ரயில் ஏறிய அன்று பிளாட்பாரத்தில் நின்று, "இந்தப் பொண்ணு பாரு, அந்த டி.என்.ஏ.வப் புடிச்சு உலுக்கிடப் போவுது" என்று உன் சித்தி ராஜாத்தியிடம் சொன்னேன். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்கிறாள் அவள். இஞ்சின் சத்தத்தில் கேட்டிருக்காது.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கடைசியாகப் படிக்கும்போது ஏறக்குறைய நானே எழுதிய மாதிரி இருந்தது. டி.என்.ஏ. என்று ஒரு முறுக்குக் கயிறு. புரதம் என்று ஒன்று வந்து அதைப் பிடிக்கிறது. ஒரே பக்கமாகத்தான் பிடிக்கும் என்று உலகமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்க, உன் புரதம் கயிற்றை நேராகவும் பிடிக்கிறது, தலைகீழாகத் திருப்பிப் போட்டாலும் பிடிக்கிறது என்று நீ படம் போட்டுக் காட்டிவிட்டாய். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. எண்ணூர் ரோட்டில் நாற்பதடி கன்டெய்னரை வைத்துக்கொண்டு லாரிக்காரன் ரிவர்ஸ் எடுக்கிறான். இத்துனூண்டு டி.என்.ஏ. எடுக்காதா?

கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகைக்குப் போயிருக்கிறது, அது அச்சானால் உனக்கு ஜெர்மனியில் வேலை என்று எழுதியிருந்தாய். அச்சானால் என்ன, அச்சானால்? ஆனது போலத்தான். கன்டெய்னர் யார்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். இங்கே பெட்டிகளை ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டும் கும்பலுக்கு நான்தான் தலைவன் என்பது உனக்குத் தெரியும். மேஸ்திரி வேறு ஒருவன் இருக்கிறான், ஆனால் என்னைக் கேட்காமல் மூச்சு விடமாட்டான்.

இப்போது முக்கியமான சேதி. உன் பேர் மைதானத்துச் சுவரில் ஏறிவிட்டது.

அந்தச் சுவரின் சட்டம் உனக்குத் தெரியும். ஃபைனலில் கோல் போட்டவன், குத்துச்சண்டையில் பதக்கம் வாங்கினவன் பேர்தான் அதில் ஏறும். ஏறின பேர் இறங்காது. ஒரே ஒரு பேர்தான் இறங்கியிருக்கிறது. கையால் தட்டி கோல் போட்டுவிட்டு நெஞ்சில் பட்டது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்த சுப்புராஜ். அவன் மாதவரத்துக்குக் குடிபோனதே அந்த அவமானத்தால்தான் என்று பேட்டையில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியது நான்தான், இருந்தாலும் நிஜமாகத்தான் இருக்கும்.

ஃபுட்பால் கிளப்பில் நான் ஒரு மணி நேரம் பேசினேன். பையன்கள் ஒத்துக்கொண்டார்கள். பெயின்டர் தவசிமுத்து நீல எழுத்தில் எழுதினான்: "டி.என்.ஏ.வை இரண்டு பக்கமும் பிடிக்கும் புரதத்தை உலகிலேயே முதன்முறையாகக் கண்டுபிடித்த எங்கள் பேட்டை மகள் மகிழினி." பக்கத்தில் டி.என்.ஏ. படமும் போட்டான். பார்க்க முருங்கைக்காய் மாதிரி இருக்கிறது. அதைத் திருத்தச் சொன்னால் கோபித்துக்கொள்கிறான்.

உன் அம்மா ஆஸ்பத்திரி ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தாள். ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். மறுநாள் அதே வார்டில் வேலை செய்யும் அடைக்கலமேரியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதற்கு அடுத்த நாள் வேறு இரண்டு பேர்.

இப்படிக்கு, எல்லாம் தெரிந்த
சித்தப்பன்

*

பெங்களூர்
24.10.2003

அன்புள்ள சித்தப்பா,

உங்கள் மேல் எனக்குக் கோபம். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் கடிதத்தின் நடுவில் எங்காவது தொலைத்துவிடுவீர்கள்.

கட்டுரையை இன்னும் யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. "உலகிலேயே முதன்முறையாக" என்று நான் எழுதவேயில்லை. என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் சங்கரநாராயணன் சாருக்கு இது தெரிந்தால் தலையில் அடித்துக்கொள்வார்.

இதில் எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும் என்று உங்களுக்குப் புரிய வேண்டும். உங்கள் யார்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவுப் பெட்டிகள், வரிசை வரிசையாக, அடுக்கு அடுக்காக. படிகம் என்பது அதுதான். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு புரதம், அது பிடித்திருக்கும் ஒரு துண்டு டி.என்.ஏ. பெட்டி மிகவும் சின்னது, தனியாக ஒன்றைப் பார்க்க முடியாது. எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் யார்டு முழுவதும் சேர்ந்து புள்ளி புள்ளியாகப் பதில் சொல்கிறது. அந்தப் புள்ளிகளை அளந்து, சராசரியாக ஒரு பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று நாங்கள் கணக்குப் போட்டு வரைகிறோம்.

என் படத்தில் டி.என்.ஏ. இரண்டு திசையிலும் தெரிந்தது, ஒவ்வொன்றும் பாதி அழுத்தத்தில். அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். கதவு கடலைப் பார்த்த பெட்டியும் ரோட்டைப் பார்த்த பெட்டியும் அடுத்தடுத்துக் கலந்து கிடக்கலாம். அதை ஒழுங்கின்மை என்போம். அப்படியானால் புரதம் இரண்டு விதமாகவும் பிடிக்கிறது என்பது நிஜம். ஆனால் இன்னொன்றும் நடந்திருக்கலாம். அது ஒரு யார்டாக இல்லாமல், ஒட்டிக்கொண்டு வளர்ந்த இரண்டு யார்டுகளாக இருக்கலாம். ஒன்றில் எல்லாக் கதவும் கடல் பக்கம். மற்றது அதையே அப்படியே திருப்பி வைத்தது, எல்லாக் கதவும் ரோட்டுப் பக்கம். சராசரி எடுத்தால் இதுவும் பாதிப் பாதி என்றுதான் தெரியும். இது இரட்டைப் படிகம். அப்படியானால் என் கண்டுபிடிப்பு காலி. புரதம் ஒரே விதமாகத்தான் பிடிக்கிறது, நான்தான் இரண்டு யார்டை ஒன்று என்று எண்ணிவிட்டேன்.

பயப்படாதீர்கள். எல்லோரும் செய்யும் சோதனையை நானும் செய்து பார்த்தேன். இரட்டை இல்லை என்றுதான் வந்தது.

சுவரை உடனே அழியுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடை போனில் அம்மா பேசினாள். எப்போதும் "துன்னியா? தூங்குனியா?" என்று மட்டும் கேட்பவள், இந்தத் தடவை, "உன் பேரு பெருசா எழுதிகீது" என்றாள். போனை வைக்கும் முன், "நீலத்துல" என்றாள்.

அதனால் இருக்கட்டும். முருங்கைக்காய் உட்பட.

மகிழினி

*

வியாசர்பாடி
2.11.2003

அன்பு மகளே,

நீ கோபித்துக்கொள்வாய் என்று எனக்கு முன்பே தெரியும். கோபம் ஒரு பத்தியிலேயே தீர்ந்துவிடும் என்றும் தெரியும்.

நீ எழுதிய யார்டு விஷயம் புத்தகத்தில் படித்து எழுதியது. நான் கண்ணால் பார்த்தவன். புதிதாக வந்த கிரேன் ஓட்டி ஒருவன் ஒரு கப்பல் சரக்கை இறக்கிப் பாதி யார்டைக் கடலைப் பார்த்தும் பாதியை ரோட்டைப் பார்த்தும் அடுக்கிவிட்டான். கண்காணிப்புக் கோபுரத்தில் உட்கார்ந்திருந்த ஆபீசருக்கு எதுவும் தெரியவில்லை. நான் உச்சிப் பெட்டியில் ஏறி நின்று மூக்கால் கண்டுபிடித்தேன். உள்ளே மிளகாய் வற்றல். கடல் காற்று எந்தக் கதவின் இடுக்கில் புகுந்து வருகிறதோ, அந்தப் பக்கம் தும்மல் வரும். நான்கு தும்மலில் முழு யார்டையும் கணக்கெடுத்துச் சொன்னேன். அன்று எனக்கு மாலை போட்டார்கள். மாலை இல்லை, துண்டு. சரி, டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆகையால் சோதனை என்று எது வந்தாலும் சித்தப்பனைக் கேள்.

இங்கே மழை. மணலி ஆலைகள் பக்கத்திலிருந்து காற்று வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம், மற்றபடி சுகம். பையன்கள் சேற்றுப் பந்தைச் சுவரில் அடித்து உன் பேரில் கறை ஆக்கிவிட்டார்கள். உன் அம்மா வேலைக்குப் போகிற வழியில் ஈரத்துணி கொண்டுபோய்த் துடைக்கிறாள். "டேய், கோல் போஸ்டு அங்க கீதுடா, இங்க இன்னாடா வேல உனுக்கு?" என்று ஒரு பையனைக் காதைப் பிடித்தாள். முப்பது வருஷமாக எனக்கு அண்ணி. அவள் தெருவில் நின்று சத்தம் போட்டு நான் கேட்டது இதுதான் முதல் தடவை. என் அண்ணன் செத்தபோதுகூட அவள் வாய்விட்டு அழுததில்லை.

சித்தப்பன்

*

பெங்களூர்
18.1.2004

அன்புள்ள சித்தப்பா,

இந்தக் கடிதத்தைச் சித்திக்குக்கூடப் படித்துக் காட்டாதீர்கள்.

என் படிகம் இரட்டை.

எப்படித் தவறவிட்டேன் என்று சொல்கிறேன். நம் குடியிருப்பில் ஒரு வீட்டு ரேடியோவை மட்டும் கேட்டால் நடுநடுவே சத்தமே இல்லாத இடங்கள் வரும். பக்கத்து வீட்டில் வேறு ஸ்டேஷன் ஓடி, இரண்டையும் சேர்த்துக் கேட்டால்? ஒன்று ஓயும்போது மற்றது பேசும். நிசப்தம் அபூர்வமாகிவிடும். இரட்டைப் படிகமும் அப்படித்தான். இரண்டு யார்டின் புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் மிக மங்கலான புள்ளிகள் காணாமல் போகும். ஒழுங்கின்மையில் அப்படி ஆகாது. அது எத்தனை பேர் பாடினாலும் ஒரே ரேடியோ. என்னுடைய படிகத்தில் மங்கலான புள்ளிகள் இருக்க வேண்டிய அளவுக்கு இருந்தன. அதனால்தான் இரட்டை இல்லை என்றேன்.

நான் பார்க்காதது வேறு. என் டி.என்.ஏ. துண்டுகள் ஒன்றின் வாலை ஒன்று தொட்டுக்கொண்டு ரயில் பெட்டிகள் மாதிரி கோத்து நிற்கின்றன. அப்படி நின்றால் ஒரு வரிசைப் புள்ளிகள் பிரகாசமாகவும் அடுத்த வரிசை மங்கலாகவும் வரும். இரட்டை அழித்த மங்கலை இந்த ரயில் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஒரு பிழையும் இன்னொரு விசேஷமும் ஒன்றையொன்று மறைத்து, எண் மட்டும் ஒழுங்காக வந்தது.

போன வருஷம் புதிதாக ஒரு சோதனை வந்திருக்கிறது. மொத்தப் புள்ளிகளையும் எண்ணாமல், ஒவ்வொரு புள்ளியையும் அதே வகையைச் சேர்ந்த அண்டைப் புள்ளியோடு மட்டும் அது ஒப்பிடும். ரயில் அதை ஏமாற்ற முடியாது. சும்மா ஆசைக்குத்தான் போட்டுப் பார்த்தேன். திரும்பவும் போட்டேன். மாறவில்லை.

இது எனக்கு மட்டும்தான் தெரியும். பத்திரிகைக்காரர்கள் கேட்ட கேள்விகளில் இது இல்லை. சின்னத் திருத்தங்கள் செய்தால் போட்டுக்கொள்கிறோம் என்று எழுதிவிட்டார்கள். சங்கரநாராயணன் சார் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் ஜெர்மனிக்குப் போகலாம். பல வருஷம் கழித்து யாராவது கண்டுபிடித்தால், அந்தக் காலத்துச் சோதனையில் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பாருங்கள், சாக்குகூடத் தயாராக இருக்கிறது.

சாரின் அறை வரை போய்த் திரும்பிவிட்டேன். சாருக்குப் பயந்து இல்லை. அம்மா ஈரத்துணியோடு நிற்பது கண்ணில் வருகிறது. சுவரில் ஏறி இறங்கின பேர் சுப்புராஜுக்கு அடுத்து என்னுடையது என்றால் அவள் எப்படி அந்த வழியாக வேலைக்குப் போவாள்? கூட்டிக்கொண்டு வந்து காட்டினவர்கள் முகத்தில் எப்படி விழிப்பாள்?

நாலு பேர் வரிசையில் நிற்கும் கடை போனில் இதை நான் அவளிடம் சொல்ல முடியாது. நீங்கள் நேரில் சொல்லுங்கள். அவள் என்ன சொல்கிறாளோ அதை அப்படியே எனக்கு எழுதுங்கள். சித்தப்பா, அப்படியே. மாலை வேண்டாம், துண்டு வேண்டாம், டீயும் வேண்டாம். அது தெரிந்த பிறகுதான் அந்தக் கதவை என்னால் தட்ட முடியும்.

மகிழினி

*

வியாசர்பாடி
27.1.2004

அன்பு மகளே,

இதையும் நான் எதிர்பார்த்தேன். உன் மனசு கஷ்டப்படுமே என்று எழுதவில்லை.

படித்துக் காட்டாதே என்றாய், காட்டவில்லை. ஆனால் உன் சித்தி என் தோளுக்குப் பின்னாலிருந்து இரண்டாவது வரியை மட்டும் பார்த்துவிட்டாள். "இரட்டையா? ஆருக்கு? நல்ல சேதிதான, மூஞ்ச ஏன் தொங்கப் போட்டுகினு கீற?" என்று சர்க்கரை டப்பாவை எடுத்துவிட்டாள். யார்டில் ஒருத்தன் பெண்டாட்டிக்கு என்று சொல்லிச் சமாளித்தேன். இப்போது அந்தக் குழந்தைகளுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறாள்.

உன் அம்மாவிடம் சொன்னேன். நேற்று சாயந்திரம், ஷிப்ட் முடிந்து வந்ததும். யார்டு, ரேடியோ, ரயில் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்:

"தப்புன்னா அழிச்சுடச் சொல்லு. சொவரு தானே."

அவ்வளவுதான். போய்க் கதவைத் தட்டு.

சித்தப்பன்

*

பெங்களூர்
22.2.2004

அன்புள்ள சித்தப்பா,

தட்டினேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே. சார் வரைபடத்தைப் பார்த்தார், எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார், மூடினார், மறுபடி வந்து பார்த்தார். "நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதும்மா" என்றார். பாராட்டுகிறாரா வருத்தப்படுகிறாரா என்று புரியவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று பத்திரிகைக்கு அவரே எழுதினார். எழுதி முடித்த பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "வேற படிகம் ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. படிகம் வளர்த்த வேறு ஒரு துளியில், அவலட்சணம் என்று நான் ஒதுக்கி வைத்திருந்த மெல்லிய ஊசிகள். அழகான படிகங்களைத்தான் இத்தனை நாள் எடுத்துக்கொண்டிருந்தேன். அவை சரிபாதி இரட்டை என்பதால்தான் அத்தனை ஒழுங்காக இருந்திருக்கின்றன. இந்த ஊசிகளில் இரண்டாவது யார்டு மிகக் கொஞ்சம்தான். அதைக் கழித்துவிட்டுப் படம் வரைந்தேன். சித்தப்பா, டி.என்.ஏ. ஒரே திசையில், முழு அழுத்தத்தில், நூலேணியின் படிகளை எண்ணுகிற மாதிரி தெரிந்தது. ஐந்து வருஷமாக மங்கலாகப் பார்த்ததைத் தெளிவாகப் பார்த்தேன். புரதம் ஒரே விதமாகத்தான் பிடிக்கிறது. உலகத்தில் யாருக்கும் இது ஆச்சரியமான சேதி இல்லை. நான் மட்டும் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜெர்மனி போய்விட்டது. வேறு ஒருவரை எடுத்துக்கொண்டார்கள், மரியாதையாக எழுதியிருந்தார்கள். இன்னும் ஆறு மாதம் இங்கேயே இருந்து சின்னதாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். உதவித்தொகை மார்ச்சோடு நிற்கிறது, பக்கத்துக் கல்லூரியில் பாடம் எடுக்கப் போகிறேன். இதற்கெல்லாம் அழுதேன். பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த அறைக்குள் போகும்போது நான் அழவில்லை. அதற்குக் காரணம் அம்மா சொன்ன அந்த வரி. உங்களிடம் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கடிதத்தைப் பிரிக்கும்போது, நீங்கள் ஜோடித்து எழுதியிருப்பீர்கள் என்றுதான் நினைத்தேன். அப்படி இருந்தால் அம்மா இரண்டு பக்கம் வசனம் பேசியிருப்பாள், நடுவில் ஆஸ்பத்திரி டீன் வந்து கைதட்டியிருப்பார். ஒரே வரி இருந்தது. அதனால்தான் நம்பினேன்.

அம்மாவுக்கும் இன்று தனியாக ஒரு கடிதம் போடுகிறேன். நடந்ததை எல்லாம் எழுதி, அந்த ஒரு வரிக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். ஊரைவிட்டு வந்த பிறகு அவளுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இதுதான்.

மகிழினி

*

வியாசர்பாடி
6.3.2004

அன்பு மகளே,

உன் கடிதம் எனக்கு வந்த அன்றே உன் அம்மாவுக்கும் ஒன்று வந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. என் ஆயுசில் நான் எதிர்பார்க்காத முதல் விஷயம் அதுதான்.

முதலில் சுவர் விஷயம். கிளப்பில் கூட்டம் போட்டோம். இருநூறு பேர் வந்தார்கள். இருபது பேர் என்று வைத்துக்கொள். நான் எழுந்து நின்று, நம்ம பொண்ணு சொன்னது தப்பு என்று நம்ம பொண்ணே கண்டுபிடித்துவிட்டது, எழுதினதை எடுத்துவிட வேண்டும் என்றேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தன், "அப்போ சுப்புராஜுக்கு வெச்ச சட்டம்தான் இதுக்கும். பேரோட எடு" என்றான். ஒரு மணி நேரம் பேசுகிறவன் நான், உட்கார்ந்துவிட்டேன்.

தவசிமுத்துதான் எழுந்தான். "அவன் கையால தட்டிட்டு இல்லன்னு சொன்னவன். இது, ரெஃப்ரி விசில் ஊதி கோலுன்னு சொன்னதுக்கு அப்பாலயும், தானா போயி 'கைல பட்டுச்சு சார்'ன்னு சொல்லிகீது. ரெண்டும் ஒண்ணாடா? அப்படி ஒரு ஆளு நம்ம டீம்ல எவனாவது கீறானா? நீ கீறியா?" என்றான். சிரித்துவிட்டார்கள். கேட்டவனும் சிரித்துவிட்டான், ஏனென்றால் ஆட்டத்தில் அவன் பண்ணும் தில்லுமுல்லு எல்லோருக்கும் தெரியும்.

ஆக, கண்டுபிடிப்பை எடுத்துவிட்டோம், பேரை விட்டுவிட்டோம். இப்போது சுவரில் மகிழினி என்று மட்டும் இருக்கிறது, சுற்றிலும் வெள்ளை. என்ன செய்ததற்கு இந்தப் பேர் என்று வெளியூர்க்காரன் கேட்டால் யாருக்கும் சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. நான் சொல்கிறேன், அரைமணி நேரம் ஆகிறது. கதையில் ரயில் வரும்போது பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். முருங்கைக்காயை எடுக்கத் தவசிமுத்து சம்மதிக்கவில்லை.

இதெல்லாம் சத்தியமாக நடந்தது. உன் அம்மாவும் அங்கே இருந்தாள். வெள்ளை அடிக்கும்போது வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம்.

கூட்டத்துக்கு முந்தின நாள், உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உன் அம்மா எங்கள் குடியிருப்பின் கீழ் வாசலில் வந்து நின்றாள். "இன்னா சின்னா, நான் இன்னாவோ சொன்னேன்னு இத்துல எழுதிகீது. நான் எப்போ சொன்னேன்? எனுக்கு ஒண்ணியுமே தெரியாதே" என்றாள்.

மகளே, அவள் அதைச் சொல்லவேயில்லை. ஜனவரியில் நான் அவளிடம் எதுவுமே சொல்லவில்லை. சொல்லத்தான் போனேன். சுவருகிட்டே நின்று யாரோ ஒரு நர்ஸம்மாவுக்கு உன் பேருக்குக் கீழே விரலை வைத்துப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "தோ, என் கொழுந்தன், இவுருதான் எழுத வெச்சாரு" என்றாள். நான் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். வந்து, நானே எழுதினேன்.

அந்த ஒரு வரிக்கு எத்தனை தாள் கிழித்தேன் தெரியுமா? முதலில் உன் அம்மா கண்ணீர் விட்டாள், எடுத்துவிட்டேன். அப்புறம் புத்தரையும் பாபாசாகேப்பையும் இழுத்து நியாயம் பேசினாள், அதையும் எடுத்துவிட்டேன். உன் அப்பன் பேரைச் சொல்லி ஒரு பாரா, அதை எடுக்க மனசே வரவில்லை, எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றும் உனக்குத் தெரிந்துவிடும் என்று வெட்டிக்கொண்டே வந்தேன். கடைசியில் மிஞ்சினது அவ்வளவுதான். நான் எழுதினதிலேயே சின்னப் பொய் அது.

இதை எல்லாம் உன் அம்மாவிடம் வாசலிலேயே ஒத்துக்கொண்டேன். அவள் என்னைத் திட்டின திட்டை உன் சித்தி மூன்றாவது மாடியிலிருந்து கேட்டாள். "எம் பொண்ணு வாழ்க்கடா அது! எனுக்குப் பதுலா பேச நீ ஆருடா?" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அப்புறம் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். கடிதத்தை மறுபடி பிரித்து அந்த இடத்தைத் தேடி எடுத்து, வாய்க்குள்ளேயே படித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம்.

பிறகு சொன்னாள், இதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை: "நானா இருந்தா மொதல்ல ரெண்டு திட்டு திட்டிருப்பேன். அப்பால இத்ததான் சொல்லிருப்பேன்."

அந்த இரண்டு திட்டும் உனக்கு வர வேண்டியது இருக்கிறது. லீவு கிடைத்ததும் வந்து வாங்கிக்கொண்டு போ.

சித்தப்பன்